ஃபைல் இல்லை

இந்தத் தடவை அவளுடைய புரோகிராம் குப்புற விழவில்லை.

போன சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது, திரை நிறையச் சிவப்பு எழுத்துகளைக் கக்கிவிட்டு நின்றுபோயிருந்தது. ஒரு ஃபைலைத் திறந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பின்வரிசையில் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு நாற்பத்தொன்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

ஆனாலும் விடவில்லை. வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. என்ன கோளாறு வந்தாலும் சரி, 'ஃபைல் இல்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு புரோகிராம் தன் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்க்கும்.

டீச்சருக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். இல்லாத ஃபைல் ஒன்றின் பெயரைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார். சரியாக வந்தது. பிறகு, இருக்கிற ஃபைல் ஒன்றை அவள் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு மறுபடியும் ஓட்டினார்.

'ஃபைல் இல்லை.'

"அக்கா, ஃபைல் இருக்கு. திறக்க உங்களுக்கு அனுமதி இல்ல, அவ்வளவுதான். ரெண்டும் வேற வேற."

"திறக்க முடியலன்னா, நமக்கு அது இல்லாத மாதிரிதானே டீச்சர்?"

"அப்படிச் சொல்லிட்டா, அதுக்கப்புறம் யாரும் தேடவே மாட்டாங்கக்கா."

டீச்சர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்.

இடைவேளையில் எல்லோரும் டீ குடிக்கக் கூட்டமாகக் கீழே இறங்கினார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அது பழகிப்போயிருந்தது.

காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். இல்லாத ஃபைலுக்கு ஒரு பதில். பூட்டிய ஃபைலுக்கு வேறு பதில். ஒரு புள்ளி விட்டுப்போனதற்குக் கம்ப்யூட்டரிடம் இரண்டு தடவை திட்டு வாங்கினாள். மூன்றாவது தடவை வந்தது.

'ஃபைல் இருக்கிறது. திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.'

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்ட பிறகும் அதை அழிக்கவில்லை.

ஆறு வாரமாகப் பேசியிராத பக்கத்து இருக்கைப் பெண், ஒரு காகித டம்ளரை அவள் முன்னால் வைத்தாள். தனியாக உட்கார்ந்திருந்தீர்களே, அதனால் வாங்கினேன் என்றாள். திரையை எட்டிப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றாள். பிறகு பேச்சை வளர்க்கத்தான் கேட்டிருப்பாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேர், அக்கா?"

வாடகை வீட்டு ஓனரிடம், வார்டு நர்ஸுகளிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் என்று ஐந்து வருடமாக இந்தக் கேள்விக்கு அவள் வாய் கூசாமல் சொல்லிவந்தது 'இல்லை' என்ற ஒரே பதில்தான். கேட்டவர்களும் பாவம் என்று அத்தோடு விட்டுவிடுவார்கள்.

இன்றைக்கு அது நாக்கில் வரவில்லை.

"ஒரு பொண்ணு."

"எங்க இருக்காங்க?"

அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இதே ஊர்லதான்" என்றாள்.