நாற்பத்தோராவது கை

அவள் மேடையில் நின்று விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகங்களை அல்ல. விரல்களை.

மாணவர் ஆய்வு மாநாட்டின் இரண்டாம் நாள். அரங்கில் இருநூறு பேர். அவளுடைய கட்டுரையின் சாரம் ஒரே வரிதான்: கீபோர்டில் தட்டும் தாளத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விழும் இடைவெளி, கைரேகை மாதிரி. ஆள் பொய் சொல்லலாம். விரல் யோசிக்காது.

வகுப்பில் நாற்பது பேரைத் தட்ட வைத்துப் பதிவு செய்திருந்தாள். கட்டுரையிலும் நாற்பதுதான்.

லேப்டாப்பில் நாற்பத்தொன்று.

அந்த ஒன்றுக்குப் பெயர் இல்லை.

துறை விழாவுக்காக இணையத்தில் ஒரு பாராட்டுப் பெட்டி வைத்தார்கள். பெயர் போடாமல் யாருக்கும் பாராட்டு அனுப்பலாம். அதைச் செய்து கொடுத்தவள் அவள். அது தாளத்தையும் சேமிக்கும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அறைத்தோழி மெர்லினுக்கு நான்கு வந்தன. ஒன்றுகூடப் பாராட்டு இல்லை.

'மஞ்சள் குடை நனையவில்லை. யார் காரில் வந்தாய்?'

அதுதான் கடைசி. அவளைத் தவிர வேறு யாரிடமும் மெர்லின் அதைக் காட்டவில்லை. மறுநாள் தூத்துக்குடி பஸ் ஏறியவள், இன்றுவரை போனை எடுப்பதில்லை.

நான்கும் ஒரே கை. மாணவர் யாருக்கும் இல்லாத வேகம். அதுதான் அந்த நாற்பத்தொன்று.

போன வாரம் ஐந்தாவது வந்தது.

இந்த முறை அவள் பெயருக்கு.

'பக்கத்துக் கட்டில் இன்னும் காலியா?'

அதனால்தான் இன்றைக்கு மேடையில் எல்லோரையும் தட்டக் கூப்பிட்டாள்.

வகுப்புப் பையன்கள் வந்தார்கள். திரை ஒவ்வொருவரின் பெயரையும் சரியாகச் சொன்னது. கைத்தட்டல். கல்லூரி முதல்வர் ஒற்றை விரலால் தட்டினார். 'தெரியாத ஆள்' என்றது திரை. இன்னும் பலத்த கைத்தட்டல்.

"நானும் ஒரு கை பாக்கறேனே" என்று எழுந்தார் வத்சலா மேடம்.

விடுதி வார்டன். மெர்லின் அழுதபோது ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தவர். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து. எல்லா அறைக்கும் ஒரு மாற்றுச் சாவி.

"டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ நான். கீபோர்டைப் பாக்கவே மாட்டேன், தெரியுமா?"

பார்க்கவில்லை. அரங்கைப் பார்த்துச் சிரித்தபடியே ஒரு வரி தட்டினார்.

மழை கொட்டுவது போல.

திரை ஒரு விநாடி யோசித்தது.

41.

"டேய், வார்டனுக்குத் தனி நம்பர்டா!" பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். அரங்கமே சிரித்தது. மேடமும் சிரித்தார்.



"நாப்பது பேர்தானேம்மா சொன்ன? இது யாரு?"

"தெரியல மேடம்."

"அப்ப தப்பா வேலை செய்யுது. ஆள் இல்லாத நம்பர் எதுக்கு? அழிச்சிடு." மேடத்தின் கை அவள் தோளில் விழுந்தது. மெத்தென்ற கை. "இப்பவே அழி. நான் பாக்கறேன்."

அழித்தால் மெர்லினுக்காக ஓர் ஆதாரமும் மிஞ்சாது.

தனக்காகவும்.

"இன்னும் ஒரே ஒரு தடவை மேடம். நான் வார்த்தை வார்த்தையா சொல்றேன், நீங்க அடிங்க. மறுபடி தப்பா வந்தா இங்கயே அழிச்சிடறேன்."

"அட, பொண்ணு விட மாட்டேங்கறாளே!" மேடம் முதல்வரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். விரல்கள் கீபோர்டில் இறங்கின. "சொல்லு, சொல்லு."

"மஞ்சள்."

தட்டியது.

முதல்வர் ஏதோ கேலி சொன்னார். மேடம் முகத்தைத் திருப்பி, "சார், இதுக்குத் தனியா பரிசு உண்டா?" என்றார்.

"குடை."

தட்டியது.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கீபோர்டு ஓயவில்லை.

முதல்வர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

"மஞ்சள் குடை நனையவில்லை. பரவாயில்லையே, கவிதை மாதிரி இருக்கே!"

அரங்கம் மறுபடி சிரித்தது.

மேடம் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு அவளை.

இடுப்பில் சாவிக்கொத்து லேசாகக் குலுங்கியது.