எங்கே சுட்டார்கள்?

ஷெரீஃப் டுவைட் ஹாஸ்கலுக்கு நவம்பரில் தேர்தல். அதுவரை ஊர் இரண்டுபடாமல் இருக்க வேண்டுமே என்று ஞாயிறுதோறும் ஜெபித்துக்கொண்டிருந்தார். ஏப்ரலிலேயே, ஒரு சனிக்கிழமை காலையில், அது இரண்டுபட்டுவிட்டது.

அலபாமாவின் அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு விடிந்ததும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைக்காரர் லீலண்ட் பார்ன்ஹில்லின் சட்டையெல்லாம் ரத்தம். அவர் தோளில் சாய்ந்து நொண்டி வந்தவர் எல்பர்ட் டாலிவர், கறுப்பர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

குண்டு பட்டது லீலண்டுக்கு என்றுதான் முதலில் செய்தி பரவியது. ஆஸ்பத்திரி வாசலில் இடப்பக்கம் கூடிய வெள்ளையர்கள், "உடனே கைது பண்ணு" என்றார்கள். வலப்பக்கம் கூடிய கறுப்பர்கள், "விசாரிக்காம யாரையும் குத்தம் சொல்லாதீங்க" என்றார்கள்.

சற்று நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, குண்டு பட்டது எல்பர்ட்டுக்கு, அதுவும் பின்புறத்தில், உயிருக்கு ஆபத்தில்லை என்றாள். பிறகு இரண்டு கூட்டமும் கோஷங்களை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் மாற்றிக்கொண்டன.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே டி-சர்ட் அச்சடிப்பவனுக்கு. மதியத்துக்குள் எல்பர்ட் ஒரு பக்கம், லீலண்ட் மறுபக்கம் பனியன்களில் சிரித்தார்கள்.

ஷெரீஃப் உள்ளே போனபோது எல்பர்ட் குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் லீலண்ட்.

"யாரு சுட்டது, எல்பர்ட் அண்ணே?"

"நான்தான்" என்றார் லீலண்ட். "தெரியாம நடந்துபோச்சு."

"எங்க நடந்துச்சு?"

லீலண்ட் எல்பர்ட்டை முறைத்துப் பார்த்தார். எல்பர்ட் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இது மிரட்டல் என்பது பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஷெரீஃப் லீலண்டை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பயப்படாதீங்கண்ணே. அவன் என்ன சொல்லி மெரட்டுனான்?"

"அவனா? கரப்பானப் பாத்தா கட்டில்மேல ஏறுற ஆளு. வருசா வருசம் ரெண்டு பேரும் வான்கோழி சுடப் போறோம் தம்பி. தலையிலேர்ந்து கால்வரைக்கும் எலை போட்ட உடுப்பு, மூஞ்சிக்கு முகமூடி. நான் கறுப்பா வெளுப்பான்னு எங்கம்மாவுக்கே தெரியாது. இன்னைக்குன்னு பாத்து செவப்புக் கைக்குட்டையப் பின்பாக்கெட்டுல சொருகிட்டுக் குனிஞ்சேன். வான்கோழிச் சேவலோட செவப்புத் தலைன்னு நெனச்சுட்டான். தப்பு எம்மேலதான்."

ஷெரீஃபுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இத வாசல்ல சொன்னா முடிஞ்சுது. எடத்த எதுக்கு மறைக்கிறீங்க?"

எல்பர்ட் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எடத்தச் சொன்னா நாளைக்கு விடியறப்ப ஊருல பாதி அங்க நிக்கும். அங்க திரியற வான்கோழிச் சேவலுக்கு நெஞ்சுல தொங்குற தாடியே ஒரு முழம் தம்பி. நாலு வருசமா எங்கள ஏமாத்திட்டிருக்கு. லீலண்டே போய் எடத்தச் சொன்னாலும், அவன நான் சும்மா விடமாட்டேன்."

"எடம் தெரியாம கேஸை எப்படி மூடறது?"

எல்பர்ட் யோசித்தார். மேசையிலிருந்த பைபிளை நகர்த்தினார். யாரிடமும் சொல்வதில்லை என்று ஷெரீஃப் அதன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்த பிறகே, காதோடு காதாக இடத்தைச் சொன்னார்.

ஷெரீஃப் வாசலுக்கு வந்து கையை உயர்த்தினார். "இது விபத்து. ரெண்டு பேரும் சிநேகிதங்க. கேஸ் கெடையாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

"எந்த எடத்துல நடந்துச்சு?" என்றார் போதகரின் மனைவி வலப்பக்கத்திலிருந்து.

"அதானே, எந்த எடம்?" என்றது இடப்பக்கம்.

ஷெரீஃப் பைபிளில் வைத்த கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "அது... சொல்றதுக்கில்ல."

அந்த ஊர் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டு கூட்டமும் ஒரே கோஷம் போட்டன. "ஷெரீஃப் எதையோ மறைக்கிறாரு!"

காலையிலிருந்து அவர்கள் சொன்னதில் அது ஒன்றுதான் சரி. ஆனாலும் ஷெரீஃப் கடைசிவரை சத்தியம் தவறவில்லை, யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் ஞாயிறு, தேவாலயத்தில் அவர் இடம் காலியாக இருந்தது. ஓடைக்கரை ஓக் மரத்தடியில் முகமூடி போட்ட ஒருவர், மடியில் துப்பாக்கியோடு, அந்தச் சேவலை வரவழைக்கப் பெட்டை வான்கோழி போல உருக்கமாகக் கூவிக்கொண்டிருந்தார்.