கிருமி சொல்லும் கக்கூஸ்

எங்கள் லைன் வீடுகளுக்கான பொதுக் கக்கூஸ் இப்போது பேசுகிறது. மூத்திரத்தில் கிருமி இருந்தால், கதவில் விரல் வைத்து உள்ளே போனவர் பேரை, வெளியே நிற்கும் வரிசைக்கே கேட்கும்படி சொல்லிவிடும். அந்த வெட்கத்துக்காகவே ஆம்பிளைகள் பலர் தண்டவாளப் பக்கம் ஒதுங்குகிறோம். எனக்கு மூத்திர எரிச்சல் வந்தபோதும், விதை வீங்கியபோதும் அங்கேதான் போனேன். தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. "இவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடு, வேற பொண்ணு பார்க்கலாம்" என்று அம்மா நேற்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

என் பெண்சாதி செண்பகம் அழவில்லை. "தினமும் நான் அந்தக் கக்கூஸுக்குள்ள போயிட்டு வரேன். அது ஒரு நாளும் எம்பேரைச் சொன்னதில்ல. நீங்க ஒரு தடவை போயிட்டு வாங்க, அப்புறம் அனுப்புங்க."

இன்று, ராத்திரி முழுக்க மூட்டை இறக்கிய களைப்போடு காலை வரிசையில் நின்றேன். பெண்கள் வரிசையில் அம்மாவும் செண்பகமும் இருந்தார்கள்.

"என்ன மாப்ளே, தண்டவாளத்தப் பேத்துட்டானுங்களா?" என்றான் பக்கத்து வீட்டு இருளப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளே போனேன்.

"தவசி, கிருமி முற்றியிருக்கிறது. விந்தும் கெட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்" என்றது குரல்.

வெளியே வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. செண்பகத்தின் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு, "தண்ணிய நான் தூக்கிக்கிறேன், நீ போயி உட்காரும்மா" என்றாள்.