அஞ்சரை மணி வெந்நீர்

குளியலறை ஹீட்டரின் சிவப்பு விளக்கு தானாக எரிந்தது. காலை மணி ஐந்தரை.

"ஏங்க, இன்னிக்கும் எரியுதுங்க! யாரும் கிட்டக்கூடப் போகலை" என்றாள் மருமகள்.

"அவதான்" என்றபடி பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "தண்ணி ஆறிடும், எழுந்திரிங்கன்னு விரட்டுறா."

மனைவி போய் நாற்பது நாள். முதல் இருபது நாளும் சரியாக எதுவும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தே கிடந்தவர். டாக்டரே கையை விரித்துவிட்டார். இந்த விளக்கு எரிய ஆரம்பித்த பிறகுதான் எழுந்து குளிக்கிறார், இரண்டு வாய் சாப்பிடுகிறார்.

மகனோ அந்தக் குளியலறைப் பக்கமே போகாமல் வாசல் குழாயடியில் குளித்தான்.

மருமகள் அடுப்படிக்குப் போனாள். மாமியாரைத் தூக்கிக்கொண்டு போனபோதே ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். இருந்தவரைக்கும் இரண்டு பேரும் கீரியும் பாம்பும். 'கல்நெஞ்சுக்காரி' என்று சொந்தபந்தம் அவள் காதுபடவே பேசியது.

மாலை வேலை முடிந்து வந்ததும் மகன், ஊர் ஹீட்டர்களையெல்லாம் அங்கிருந்தே இயக்கும் கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டான்.

"மேடம், இறந்துபோன எங்கம்மா ஹீட்டருக்குக் குறிச்சு வச்ச நேரம் இன்னும் உங்ககிட்ட இருக்கு போல. தானா ஓடுது. அழிச்சிடுங்க."

"அப்படி எதுவும் இருக்காது சார். எல்லாரும் ஒரே நேரத்துல போட்டா லைன் தாங்காதுன்னுதான் வீட்டுக்கு ஒரு நேரம் தர்றோம். முந்தின நாளே போன்ல மெசேஜ் போட்டுக் கேட்டாத்தான் இங்கேருந்து போட்டுவிடுவோம்."

"நாங்க யாரும் கேட்கலையே?"

"இருங்க, பார்க்கிறேன்... இருபது நாளா தினமும் கேட்டிருக்கீங்களே. நேத்து சாயங்காலம்கூட. உங்கம்மா நம்பர்லேருந்து."

அவன் பேச்சைத் துண்டித்தான்.

அம்மாவின் போனை அணைத்து, அவள் புடவைகளுக்கு அடியில் அவனேதான் வைத்திருந்தான். ஓடிப்போய் பீரோவைத் திறந்தான்.

புடவை மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. போன் மட்டும் இல்லை.

அடுப்படிப் பக்கம் 'டிங்' என்று ஒரு சத்தம். அம்மா போனுக்கு மெசேஜ் வரும் சத்தம்.

எட்டிப் பார்த்தான்.

விளக்குப் போடாத அடுப்படியில் மருமகள் நின்றிருந்தாள். அவள் கையில் அந்தப் போன்.

திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர்.

"மாமா காதுல போட்டுடாதீங்க. இருபது நாள் நானும் கூப்பிட்டுப் பார்த்தேன், எழுந்திரிக்கலை. அத்தை கூப்பிட்டாத்தான் எழுந்திரிக்கிறார்."