ராகு வாய் வைத்த பக்கம்

நக்கோன் பத்தோம் ஊர்க் கோயில் முற்றத்தில் வெயில் வெள்ளையாகக் காய்கிறது. சூரிய கிரகணம் தொடங்கும் நேரம். ராகுவுக்கு எட்டுப் பண்டம், எட்டும் கருப்பு: தட்டுத் தட்டாகக் கருங்கோழியும் கருப்பு முட்டையும் கருப்புச் சோறும், கண்ணாடி டம்ளர்களில் பால் விடாத காப்பியும், இன்னும் நாலு பண்டமும் வரிசையாக இருக்கின்றன. டம்ளர் விளிம்பில் ஓர் ஈ நிதானமாகச் சுற்றி வருகிறது. பிம்ஜையின் தொலைநோக்கி வெள்ளை அட்டையில் சூரியனை எலுமிச்சை அளவுக்கு இறக்கி வைத்திருக்கிறது. அந்த வட்டத்தின் வலது ஓரத்தைவிட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் தோங்சுக், ஒரு கையில் கருப்பு ஊதுபத்தி, மறு கையில் லைட்டர். தோங்சுக்கின் மகன் இந்த வருஷம் இரண்டு தடவை பைக்கிலிருந்து விழுந்துவிட்டான். ராகு வாய் வைக்கிற அந்த நொடியிலேயே பத்தி ஏற்றுவதாக வேண்டுதல்.

"ஆச்சா டீச்சர்?"

"இன்னும் இல்லக்கா. நான் சொல்றேன், இருங்க."

முற்றமே பிம்ஜையின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தோங்சுக் அட்டையை எட்டிப் பார்க்கிறாள்.

"இந்தப் பக்கம் என்ன டீச்சர், எலி கொறிச்ச மாதிரி?"

இடது ஓரத்தில் ஒரு நகத்தளவு காணோம். அட்டையில் வலது இடதாக மாறி விழும். போன ஞாயிற்றுக்கிழமை வானியல் சங்கத்தில் அதைப் படம் போட்டு விளக்கியவளே பிம்ஜைதான். கடிகாரத்தைப் பார்க்கிறாள். கிரகணம் தொடங்கி நான்கு நிமிஷம் போய்விட்டது. காது மடல் சுடுகிறது. தோங்சுக் லைட்டரைத் தட்டுகிறாள், பத்தியைக் கொளுத்தி நெற்றிக்கு உயர்த்துகிறாள்.

"விடுங்க டீச்சர். அவன் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."