லீலாவதியின் சூடு

டில்லி கரோல் பாக் டாக்டரம்மா மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட லீலாவதியின் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கட்டம் போட்ட தாளைத்தான். பிள்ளை வேண்டுமென்றால் தினமும் படுக்கையைவிட்டு எழும்முன் வாயில் தெர்மாமீட்டர் வைத்து, அந்தத் தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கரு தங்கினால் சூடு இறங்காமல் நிற்குமாம்.

எழுபத்தொன்பது டிசம்பரில் லீலாவதி மூளைக்காய்ச்சலில் இறந்தாள். காரியம் முடிந்ததும் அவள் கணவன் பூவராகவன் தெர்மாமீட்டரை உதறி மேஜை டிராயரில் போட்டான். மறுநாள் காலை பாதரசம் தொண்ணூற்றெட்டில் நின்றது. டிராயரோ பனிக்கட்டிபோல் சில்லிட்டிருந்தது. தினமும் உதறினான்; தினமும் ஏறியது. அவனும் புள்ளி வைத்துக்கொண்டே வந்தான்.

இதைத் தப்பென்று யாராவது சொல்லவேண்டும் என்றுதான் தாளைக் கிளினிக்குக்கு எடுத்துப்போனான்.

“ஏனுங்க, ஊட்டுக்காரம்மாவ உட்டுட்டு வந்திருக்கீங்க? கொழந்தை உங்களுக்கா பொறக்கப்போகுது?” என்றாள் கோயமுத்தூர் நர்ஸ் அருக்காணி. அவன் தாளை மட்டும் நீட்டினான்.

டாக்டரம்மா தலை நிமிராமலே நர்ஸிடம் சொன்னாள். “அச்சா, பதினெட்டு நாளாக இறங்கவே இல்லை. கர்ப்பச் சோதனைக்கு நாளைக் காலையின் முதல் சிறுநீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்பச் சொல். பெயர், வயது எழுதி ஒட்டச் சொல்.”

படித்த முண்டம் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வெறுப்பில், ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவிக் குளியலறையில் வைத்துவிட்டுப் படுத்தான். காலையில் அது பாதி நிறைந்திருந்தது. தொட்டபோது சுட்டது.

மூடியை இறுக்கி, சீட்டில் அவள் பெயரை எழுதினான். வயது இருபத்தாறு என்று போட்டான். போன வாரம் அவள் பிறந்தநாள் வந்துபோனது நினைவுக்கு வர, அதை அடித்து இருபத்தேழு என்று திருத்தினான்.