நாலு வரி

தலையணை உறையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு வாழ்த்து அட்டை அவள் காலடியில் விழுந்தது.

உறை அழுக்கு என்பதெல்லாம் சாக்கு. மகனோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்றுதான் அவன் அறைக்குள் வந்திருந்தாள். அவன் முதுகைக் காட்டியபடி பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

மூன்று நாளாக அவன் அவளிடம் பேசவில்லை. அவள் போட்டு வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. அலுவலகத்தின் தூர ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிவிட்டான் என்பதே மகள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் வண்டி.

பார்சலைக் கடையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அன்றைக்கு அவனிடம் எரிந்து விழுந்திருந்தாள். அதற்கா இவ்வளவு கோபம் என்று மூன்று நாளாக மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

குனிந்து அட்டையை எடுத்தாள். மூலையில் நீல நூலில் பின்னி ஒட்டிய குட்டிக் குருவி. வலது இறக்கையில் ஒரு வரிசை குறைவு.

குறைத்தவளுக்குத் தெரியாதா? யார் உட்கார்ந்து எண்ணப் போகிறார்கள் என்று போன வாரம் அவள்தான் அதை அப்படியே விட்டாள்.

வருடக் கடைசி வந்தால் அவளுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. ஊரில் பாதிப் பேர் அந்த இரண்டு மாதத்தில்தான் கல்யாணம் செய்துகொள்வார்கள், மீதிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெறுவார்கள். மணப்பெண்ணுக்கு மணி கோத்த கம்மல், பிறக்கப்போகிற குழந்தைக்கு உல்லன் காலுறை, பெரிய அதிகாரிக்குப் பிரிவு அட்டை, எல்லாம் அவள் கைவேலை. சந்தோஷமெல்லாம் அவர்களுடையது, தேய்வது இவளுடைய மணிக்கட்டு. போன வாரம் பல் தேய்க்கவே இடது கைதான்.

அந்த லட்சணத்தில்தான் பரிசுப்பொருள் கடைக்காரர் ஒரு தாளை நீட்டினார். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற ஒரு பெண் கொடுத்ததாம். அதை அப்படியே நல்ல கையெழுத்தில் அட்டைக்குள் எழுத வேண்டுமாம், கடைக்காரரே தபாலில் சேர்த்துவிடுவாராம். தாளின் முன்னும் பின்னும் கோழி கிளறினாற்போல எழுத்து.

"ரெண்டு பக்கத்தை யாரு அக்கா உக்காந்து படிக்கிறது? நாலு வரியில முடிச்சிடுங்க. அந்தப் பொண்ணு இந்நேரம் பிளேனே ஏறியிருக்கும்."

அதைக் கேட்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

'என் குண்டனுக்கு' என்று தொடங்கியது கடிதம். யாரோ நன்றாகத் தின்று கொழுத்த பிள்ளை போலிருக்கிறது என்று அந்த அலுப்பிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் மகனைப் போல ஒட்டடைக் குச்சியாக இருந்தால் எவள் அப்படிக் கூப்பிடப் போகிறாள்!

மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிப் பளிச்சென்று இருந்த வரிகளைப் பொறுக்கி எழுதினாள். குருவியை ஒட்டினாள். தாளை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டே இருந்த வேலை மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மேசை ஆடவில்லை. அவளும் அந்தக் கடிதத்தை மறந்தே போனாள்.

இப்போது அட்டையைத் திறந்தாள். அவளுடைய உருண்டை எழுத்தில் நாலு வரி.

என் குண்டனுக்கு,
எல்லாவற்றுக்கும் நன்றி.
நான் போகிறேன், நன்றாக இரு.
என்னைத் தேட வேண்டாம்.

ஒட்டடைக் குச்சி பையை மூடிவிட்டுத் திரும்பினான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். அவன் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அவளைப் பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. எனக்கு கைபிடிச்சு அ, ஆ எழுதக் கத்துக்குடுத்த கையாச்சே, எனக்குத் தெரியாம போயிடுமா? அவளைத் துரத்திவிட்டுட்டு, அதை உன் கையாலயே எழுதியும் அனுப்பியிருக்க. இப்ப அவ நம்பர்கூட மாறிப்போச்சு."

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அந்தப் பெண் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது என்றால் நம்புவானா? அவன் இடத்தில் இருந்தால் அவளே நம்பமாட்டாள்.

வேலை மேசைக்கு ஓடினாள். தோளைக் கொடுத்து அதைத் தூக்கினாள். மணிக்கட்டில் சுரீரென்றது. நூல்கண்டுகள் உருண்டன, பசை காய வைத்திருந்த அட்டைகள் தரையில் சரிந்தன. யாருடைய கல்யாணமோ, யாருடைய பிறந்தநாளோ, கிடக்கட்டும். காலால் தாளை வெளியே தள்ளி எடுத்துப் பிரித்தாள்.

இந்த முறை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். அட்டையின் கடைசி வரி தாளில் பின்பக்கத்தின் அடியில் இருந்தது. அட்டையில் அதை எழுதும்போது மணிக்கட்டு வலித்ததும், பாதியில் நிறுத்தியதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

'என்னைத் தேட வேண்டாம், இரண்டே வருடம், நானே உன்னைத் தேடி வந்துவிடுவேன். அதுவரை ஒழுங்காகச் சாப்பிடு.'

மகன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். தாளை அவன் கையில் திணித்து, அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

அந்தப் பெண் அங்கே போட்டிருந்தது காற்புள்ளி. கை வலிக்கிறதென்று முற்றுப்புள்ளி வைத்தவள் இவள்.